போலந்து இலக்கியம் கற்பிக்கும் பல்கலைக்கழக வேலை: மொழித் தேர்விலிருந்து ஹபிலிட்டாட்சியா வரை (விவாத இழை)

1. நீலத்தாள்

சிம்போர்ஸ்கா, மிலோஷ் கவிதைகளை மொழிபெயர்ப்பில் படித்து, இதையே தொழிலாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்கள் அடிக்கடி வருகிறார்கள். விவரம் துண்டு துண்டாகக் கிடக்கிறது, பாதி பழையது. போலந்தின் உயர்கல்விச் சட்டம் 2018-ல் அடியோடு மாறிவிட்டது. அதற்கு முந்திய அறிவுரைகளை நம்பினால் வழி தவறிவிடும்.

பேச வேண்டியவை: எந்த அளவுக்கு போலிஷ் தெரிய வேண்டும், முனைவர் பட்டத்துக்கு எப்படிச் சேர்வது, பட்டத்துக்குப் பின் என்ன பதவிகள், வருடத்துக்கு எத்தனை மணி வகுப்பு, போலந்துக்கு வெளியே எங்கே இடம் இருக்கிறது, எங்கே சிக்குகிறார்கள். தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், விவரம் போதும்.

2. விஸ்வாக்கரை

ஏணியின் படிகளிலிருந்து தொடங்குகிறேன்.

2019 அக்டோபர் முதல் முனைவர் படிப்புக்கான முதன்மை வழி முனைவர் பள்ளி. வார்சா, கிராக்குவின் யாகியெல்லோனியப் பல்கலைக்கழகம், போஸ்னானின் ஆடம் மித்ஸ்கியேவிச் பல்கலைக்கழகம் என்று பெரிய இடங்களில் மனிதவியலுக்குத் தனிப் பள்ளியே உண்டு. படிப்பு 6 முதல் 8 அரையாண்டுகள், கட்டணம் இல்லை. அக்டோபர் 1-ல் கல்வியாண்டு தொடங்கும். விண்ணப்பம் அதற்கு முந்திய கோடையில். சில பக்க ஆய்வுத் திட்டம், நெறியாளரின் ஒப்புதல், நேர்காணல் மூன்றும் தேவை. நெறியாளரை முதலில் பிடிக்க வேண்டும், அதற்குப் பிறகே திட்டத்தை எழுத வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திட்டம் நெறியாளரின் துறைக்குப் பொருந்தாமல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

சேர்ந்த 12 மாதத்துக்குள் தனி ஆய்வுத் திட்டம் என்ற ஆவணத்தைக் கொடுக்க வேண்டும். ஆய்வேட்டின் எந்தப் பகுதி எந்த மாதத்தில் முடியும், எங்கே கட்டுரை வெளியாகும் என்று நாள் குறித்து எழுதுவது அது. பாதி வழியில் 3 பேர் குழு மதிப்பிடும், அதில் ஒருவராவது வெளி நிறுவனத்தவர். குழு பார்ப்பது அந்த ஆவணம் எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கிறது என்பதைத்தான். எதிர்மறை முடிவு வந்தால் பெயர் நீக்கப்படும். ஆகவே முதல் வருடத்தில் ஆர்வக் கோளாறில் 5 கட்டுரை என்று எழுதிவிடாதீர்கள். 2 என்று எழுதி 3 கொடுப்பது நல்லது.

பட்டத்துக்கு 3 மதிப்புரையாளர்கள். அமைச்சகப் பட்டியலில் உள்ள இதழிலோ பதிப்பகத்திலோ குறைந்தது ஒரு வெளியீடு. அயல்மொழியில் பி2 சான்று (ஐரோப்பிய மொழித்தர அளவு ஏ1 முதல் சி2 வரை 6 படிகள், பி2 நான்காவது).

அடுத்த படி அடியுங்க்ட், முனைவர் பட்டம் பெற்றவருக்கான பதவி. அதன் பின் ஹபிலிட்டாட்சியா, அதாவது முனைவர் பட்டத்துக்கு மேலான ஆய்வுத் தகுதி, பிறகு பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி. பேராசிரியர் என்ற பட்டம் இதிலிருந்து வேறு, அதைக் குடியரசுத் தலைவர் வழங்குவார். பதவியையும் பட்டத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

3. கடைசிப்பெஞ்சு

முனைவர் பள்ளியில் உதவித்தொகை எவ்வளவு வரும்? கூடவே போலிஷ் கற்பிக்கும் வேலையும் பார்க்கலாமா?

4. விஸ்வாக்கரை

பேராசிரியரின் குறைந்தபட்சச் சம்பளத்தில் விகிதமாகக் கணக்கிடுகிறார்கள். இடைமதிப்பீடு வரை 37%, அதன் பின் 57%. 2024-ல் அந்த அடிப்படை 9,370 ஸ்லோட்டி. அதன்படி முதல் பாதியில் மாதம் 3,466.90, பிற்பாதியில் 5,340.90, அதிலிருந்து சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் உண்டு. மொத்தம் 4 வருடத்துக்கு மேல் கிடையாது. வார்சாவிலும் கிராக்குவிலும் தனி அறை எடுத்தால் முதல் இரண்டு வருடம் இழுபறிதான். விடுதி கிடைத்தால் சமாளிக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு: முனைவர் பள்ளி மாணவர் பல்கலைக்கழக ஆசிரியராகவோ ஆய்வுப் பணியாளராகவோ வேலையில் இருக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. ஆய்வு மானியத்தில் சேர்வது, இடைமதிப்பீட்டில் தேறிய பின் சேர்வது என்று விலக்குகள் உண்டு. ஆனால் இடைமதிப்பீட்டுக்குப் பின் அரைநேரத்துக்கு மேல் வேலை எடுத்தால் உதவித்தொகை 40% ஆகக் குறையும். தனியார் மொழிப்பள்ளியில் மாலை வகுப்பு எடுப்பது இந்த விதிக்குள் வராது. முனைவர் பள்ளியே தரும் கற்பித்தல் பயிற்சி வருடத்துக்கு 60 மணிக்கு மேல் போகக் கூடாது.

5. ஓலைச்சுவடி

மொழி. இதில் யாரும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

பி1 அளவில் கவிதை படிக்கலாம், கட்டுரை படிக்க முடியாது. பி2-ல் கட்டுரை படிக்கலாம், கருத்தரங்கில் மறுத்துப் பேச முடியாது. இலக்கியம் கற்பிக்கும் வேலைக்கு சி1தான் தரை. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத அனுமதி கிடைக்கும். ஆனால் மதிப்புரையாளர் கேட்கும் முதல் கேள்வியே போலிஷ் ஆய்வுமரபோடு உரையாடியிருக்கிறாரா என்பதாக இருக்கும். வார்சாவில் இருக்கும் போலந்து அறிவியல் கழகத்தின் இலக்கிய ஆய்வு நிறுவனம், 1902-ல் ல்வூவில் தொடங்கிய 'பாமியென்த்னிக் லித்தெராத்ஸ்கி', 1990 முதல் வரும் 'தெக்ஸ்தி த்ருகியே' இதழ்களெல்லாம் போலிஷில்தான் பேசிக்கொள்கின்றன. அந்த உரையாடலுக்கு வெளியே நின்றால் ஆய்வேடு மொழிபெயர்ப்பு நூல்களின் மேல் கட்டிய வீடாகிவிடும்.

அரசுச் சான்றிதழ்த் தேர்வு 2004 முதல் நடக்கிறது. கேட்டல், படித்தல், இலக்கணத் திருத்தம், எழுதுதல், பேசுதல் என்று 5 பகுதிகள், ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். இலக்கியம் படித்து வளர்ந்தவர்கள் சறுக்குமிடம் இலக்கணத் திருத்தம். 'இரண்டு' என்ற எண்ணுக்கு ஆண்களோடு ஒரு வடிவம், பெண்களோடு ஒன்று, பொருள்களோடு ஒன்று, குழந்தைகளுக்கும் கலந்த கூட்டத்துக்கும் இன்னொன்று. வேற்றுமை ஏற்கும்போது அவையும் மாறும். படிக்கும்போது கண் தாண்டிப் போய்விடும், எழுதும்போது கை நிற்கும்.

தமிழருக்கு ஒரு வசதி உண்டு. போலிஷில் 7 வேற்றுமைகள், கடைசியின் பெயர் 'வோவாச்'. 'வோவாச்', அதாவது கூப்பிடுதல், என்ற வினையிலிருந்து வந்தது. போலிஷில் கடைசி ஒலி மட்டும் வேறு, தமிழ் எழுத்தில் அது தெரியாது. நம் விளி வேற்றுமையும் விளித்தலிலிருந்து வந்ததே. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இது தேய்ந்துபோய்விட்டது. போலிஷில் தினமும் வேண்டும், அதிலும் பல்கலைக்கழகத்தில் அதிகமாக.

6. தட்டச்சு

அந்தக் கடைசி வரியோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மின்னஞ்சலில் விளிப்பு தவறினால் நெறியாளர் தேடும் கட்டத்திலேயே கதவு சாத்திக்கொள்ளும். ஆண் பேராசிரியருக்கு 'ஷனோவ்னி பனியே ப்ரோஃபெசோஷே', பெண்ணுக்கு 'ஷனோவ்னா பனி ப்ரோஃபெசோர்'. ஆணின் பட்டப்பெயர் வேற்றுமை உருபு ஏற்கும், பெண்ணின் பட்டப்பெயர் மாறாமல் நிற்கும். முனைவர் பட்டம் மட்டும் பெற்றவர் 'டாக்டர்'. ஹபிலிட்டாட்சியா முடித்தவரைப் பேராசிரியர் என்றே அழைப்பது வழக்கம். பெயரைச் சொல்லி 'அன்புள்ள ஆன்னா' என்று ஆங்கில வழியில் தொடங்காதீர்கள். பட்டம் உறுதியாகத் தெரியாவிட்டால் துறையின் பக்கத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

7. பதின்மூன்றசை

ஓலைச்சுவடி சொன்ன மொழி, இலக்கிய வகுப்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு உதாரணம். யான் கொஹனோவ்ஸ்கி 1580-ல் வெளியிட்ட 'த்ரெனி', இறந்துபோன சின்னஞ்சிறு மகளுக்காக எழுதிய 19 புலம்பல்கள். 8-ஆம் பாடலின் முதல் இரண்டு வரிகளை மட்டும் வைத்து ஒரு முழு 90 நிமிட வகுப்பு எடுக்கலாம்.

'வியெல்கியெஷ் மி உச்சினிவா / புஸ்த்கி வ் தோமு மோயிம், / மோயா த்ரோகா ஒர்ஷூலோ, / திம் ஸ்நிக்னியெனிம் ஸ்வோயிம்.' என் வீட்டில் பெரும் வெறுமையை உண்டாக்கினாய், என் அன்பு ஒர்ஷூலா, இப்படி மறைந்துபோய்.

முதலில் அசை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியிலும் 7, பிறகு 6, மொத்தம் 13. நடுவில் வெட்டு. இந்த 13 அசை அடிதான் 1834-ல் பாரிசில் வெளியான ஆடம் மித்ஸ்கியேவிச்சின் காவியம் 'பான் ததேயுஷ்' வரை நீண்டுவருகிறது. வாய்விட்டு எண்ணாத மாணவர் பின்னால் அந்தக் காவியத்தில் திணறுவார்.

அடுத்து முதல் சொல்லைப் பிரிக்கச் சொல்லுங்கள். 'வியெல்கியெ' என்றால் பெரிய. கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஷ்' அந்தச் சொல்லுக்கு உரியதே அல்ல. அது 'உச்சினிவா' என்ற வினையின் முன்னிலை விகுதி, இடம்பெயர்ந்து வந்திருக்கிறது. 'உண்டாக்கினாய்' என்பதில் உள்ள '-ஆய்' மட்டும் பெயர்ந்து போய் 'பெரிய' மேல் ஒட்டிக்கொண்டது போல. தமிழில் அப்படி நகராது, ஆனால் விகுதியே ஆளைச் சுட்டும் என்பது தமிழருக்கு உடனே விளங்கும். வினையில் மீதி நிற்கும் 'வா' பெண்பாலைக் காட்டுகிறது. நம் 'உண்டாக்கினாய்' ஆணா பெண்ணா என்று சொல்லாது. இங்கே பெயர் வருவதற்கு முன்பே அது ஒரு பெண் என்று தெரிந்துவிடுகிறது. பிறகு 'ஒர்ஷூலோ', விளி. இறந்த குழந்தையை நேரே பார்த்துக் கூப்பிடுகிறார். இந்த மூன்றும் மொழிபெயர்ப்பில் போய்விடும். மிஞ்சுவது வெறும் சோகம்.

'ஸ்நிக்னியெனிம்' பழைய வடிவம், இன்றைய போலிஷில் சொல்லும் உருபும் வேறு. அகராதியில் தேடினால் கிடைக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வகுப்பில் 10 நிமிடம் அதில் போகும்.

வகுப்புக்கு எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். 1919 முதல் வரும் 'பிப்லியோத்தேகா நரோதோவா' வரிசையில் முன்னுரையும் அடிக்குறிப்பும் ஆசிரியருக்கே பாடம் எடுக்கும் தரம். அதை முழுக்கப் படிக்காமல் அந்த நூலைக் கற்பிக்கப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

8. சாலமர நிழல்

நண்பர் பதின்மூன்றசை காட்டியது அழகு. ஆனால் அப்படிப்பட்ட வகுப்பு கிடைக்கும் பதவிக்கு முன்னால் பலர் போய்ச் சேருவது மொழியாசிரியர் பதவியில், அதாவது லெக்டர். அது நல்ல வாசல் என்பேன். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு லெக்டர்களை அனுப்புவது 2017-ல் தொடங்கிய நாவா என்ற தேசியக் கல்விப் பரிமாற்ற நிறுவனம். போலந்துக்குள்ளும் வேலைகள் உண்டு. வார்சாப் பல்கலைக்கழகத்தின் போலோனிகும் மொழி மையம் 1956 முதல், வூட்ஜ் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டவர் மொழி மையம் 1952 முதல் நடக்கின்றன. கத்தோவித்சேயின் சிலேசியப் பல்கலைக்கழகம், லூப்லின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இரண்டிலும் போலிஷ் மொழிப் பள்ளிகள் இருக்கின்றன. போலிஷை அயல்மொழியாகக் கற்பிக்கும் பட்டயப் படிப்பு ஒன்று கையில் இருந்தால் வழி திறக்கும்.

9. விஸ்வாக்கரை

மன்னிக்கவும் ஐயா, இதில் நான் மாறுபடுகிறேன். மணிக்கணக்கைப் பாருங்கள். சட்டப்படி வருடத்துக்கு மேல்வரம்பு, 45 நிமிடப் பாடவேளைகளில்: பேராசிரியருக்கு 180, ஆய்வும் கற்பித்தலும் சேர்ந்த மற்றப் பதவிகளுக்கு 240, கற்பித்தல் மட்டுமான பதவிக்கு 360, லெக்டருக்கு 540. 30 வாரத்துக்கு வகுத்தால் அடியுங்க்டுக்கு வாரம் 8, லெக்டருக்கு வாரம் 18. அந்த 18-க்கும் வீட்டுப்பாடத் திருத்தம் உண்டு. பி1 வகுப்பில் 15 பேர் எழுதிய ஒரு பக்கக் கட்டுரையை ஒழுங்காகத் திருத்தினால் ஒரு மாலை போய்விடும். ஆய்வுக்கு மிஞ்சுவது கோடை மட்டும்.

இன்னொன்று, லெக்டர் பதவியிலிருந்து அடியுங்க்ட் பதவிக்குத் தானாக மாற்றம் கிடையாது. மறுபடி திறந்த போட்டியில் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல், அரைநேரத்துக்கு மேல் என்றால் முதல் நியமனத்துக்குப் போட்டி கட்டாயம். அறிவிப்பு பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் ஏட்டிலும் ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வாளர் தளத்திலும் வரும்.

10. சாலமர நிழல்

மணிக்கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் சி1-ஐத் தக்கவைத்து, வகுப்பில் நின்று பேசி, பாடத்திட்டம் எழுதிப் பழகுவது லெக்டர் பணியில்தான். காலவரம்பு வைத்துக்கொள்ளச் சொல்வேன். 2 வருடம், அதிகம் போனால் 3. அதற்குள் ஒரு கட்டுரையாவது பட்டியல் இதழில் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் அந்தப் பாதை இனி மொழிக் கற்பித்தல் பாதை. அதுவும் மதிப்பான தொழில்தான். ஆனால் இலக்கிய ஆய்வு என்று நினைத்துக்கொண்டு அதில் இருக்கக் கூடாது.

11. விஸ்வாக்கரை

காலவரம்போடு என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

12. நீலத்தாள்

வெளியீடு பற்றி யாராவது? புள்ளிக் கணக்கு என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

13. தட்டச்சு

அமைச்சகப் பட்டியலில் ஒவ்வொரு இதழுக்கும் பதிப்பகத்துக்கும் தரும் மதிப்புதான் புள்ளி. அது தனி ஆளை விட அவர் சேர்ந்த துறையை எடைபோடுவதற்காக வந்தது. 4 வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒவ்வொரு துறையும் ஏ+, ஏ, பி+, பி, சி என்று தரம் பெறும். பி+ அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அந்தத் துறையில் முனைவர் பட்டமும் ஹபிலிட்டாட்சியாவும் வழங்க முடியும். விண்ணப்பிக்கும் முன் இதைப் பார்ப்பது முதல் வேலை.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று துறை அறிவிப்பு. ஆய்வுப் பணியில் சேருபவர் தாம் எந்தத் துறையைச் சேர்ந்தவர் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். இலக்கியவியல், மொழியியல், பண்பாடும் சமயமும் மூன்றும் தனித்தனி. போலந்து சினிமாவைப் பற்றி எழுதுபவர் இலக்கியவியல் என்று அறிவித்துவிட்டால், அவர் எழுதியது அந்தத் துறைக்குப் பொருந்துமா என்ற கேள்வி ஹபிலிட்டாட்சியாவில் எழும். 'இலக்கியமும் பண்பாடும்' என்று அயல்நாட்டில் ஒரே மூச்சில் சொல்வதை போலந்தில் இரண்டாக வெட்டித்தான் எடைபோடுகிறார்கள்.

பணியில் இருப்பவரின் காலமுறை மதிப்பீடு வேறு, 4 வருடத்துக்குள் ஒரு முறையாவது நடக்கும். ஒரு எதிர்மறை வந்தாலே பணிநீக்கம் செய்ய பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டருக்கு அதிகாரம் உண்டு. அடுத்தடுத்து இரண்டு வந்தால் நீக்கியே ஆக வேண்டும்.

மானியம்: கிராக்குவில் இருக்கும் தேசிய அறிவியல் மையம். முனைவர் பட்டத்துக்கு முன் 'ப்ரெலூடியும்', பட்டம் பெற்று 2 முதல் 7 வருடத்துக்குள் 'சோனாட்டா', யாரும் போடக்கூடியது 'ஓபுஸ்'. மனிதவியலானாலும் விண்ணப்பம் ஆங்கிலத்தில். போலிஷ் கவிதையைப் பற்றி ஆங்கிலத்தில் வாதாடி, வெளிநாட்டு மதிப்பீட்டாளருக்கு அது ஏன் முக்கியம் என்று புரியவைப்பது தனிப் பயிற்சி. இந்தக் கவிஞர் பெரியவர் என்று சொன்னால் போதாது. கேள்வி என்ன, எந்தக் காப்பகம், எத்தனை பெட்டி, எவ்வளவு நாள் என்று எழுத வேண்டும்.

14. குறிஞ்சித்திணை

போலந்துக்கு வெளியே எப்படி என்று எழுதுகிறேன்.

இந்தத் தொழிலின் தொடக்கமே வெளிநாட்டில்தான். மித்ஸ்கியேவிச் 1840 முதல் 1844 வரை பாரிசின் கொலேஜ் து பிரான்சில் ஸ்லாவிய இலக்கியம் கற்பித்தார். மிலோஷ் 1960 முதல் பெர்க்லியில் கற்பித்தார். மாணவர்களுக்குக் கொடுக்க ஆங்கிலத்தில் நூல் போதவில்லை என்பதால் போலிஷ் இலக்கிய வரலாறு ஒன்றை எழுதி 1969-ல் வெளியிட்டார். ஹார்வர்டில் யுர்சிகோவ்ஸ்கி பெயரிலான இருக்கையில் முதலில் விக்தொர் வெய்ன்த்ராவுப், பின்னர் ஸ்தனிஸ்வாஃப் பரான்சாக். போலிஷுக்கென்றே இருக்கை இருக்கும் இடங்கள் இப்படிச் சொற்பம்.

அமெரிக்காவில் பெரும்பாலான பதவிகள் 'ஸ்லாவிய மொழிகள்' என்றே அறிவிக்கப்படும். போலிஷோடு ரஷ்யமோ உக்ரேனியமோ செக்கோ கற்பிக்கத் தெரிந்தால்தான் பட்டியலில் நிற்க முடியும். விண்ணப்பத்துக்குக் கடிதம், தற்குறிப்பு, எழுத்து மாதிரி, கற்பித்தல் அறிக்கை, 3 பரிந்துரைகள். எழுத்து மாதிரியில் போலிஷ் மேற்கோள் எல்லாவற்றுக்கும் சொந்த மொழிபெயர்ப்பு கொடுங்கள். தேர்வுக் குழுவில் போலிஷ் தெரிந்தவர் ஒருவர் கூட இல்லாமல் இருக்கலாம். சிகாகோ போன்ற இடங்களில் வகுப்பில் பாதிப் பேர் போலந்து வம்சாவளியினராக இருப்பார்கள். வீட்டில் சரளமாகப் பேசுவார்கள், 'உ' ஒலிக்கு எந்த எழுத்து என்று தெரியாது, ஏனென்றால் அந்த ஒலிக்கு இரண்டு எழுத்து உண்டு. புதிதாகப் படிப்பவரையும் இவர்களையும் ஒரே வகுப்பில் போட்டால் இரு தரப்பும் சலித்துப்போகும். தரப்படுத்தும் தேர்வை எழுத்தில் வைக்க வேண்டும், பேச்சில் வைத்தால் இவர்கள் எல்லோரும் மேல்நிலைக்குப் போய் அங்கே விழுவார்கள்.

ஜெர்மனியில் ஸ்லாவியத் துறை என்றால் இரண்டாவது ஸ்லாவிய மொழி கிட்டத்தட்டக் கட்டாயம். நிரந்தரமில்லாத ஒப்பந்தங்களுக்குச் சட்டப்படி முனைவர் பட்டத்துக்கு முன் 6, பின் 6 வருட வரம்பு. பின் 6 முடிவதற்குள் பேராசிரியர் இடமோ வேறு நிரந்தர இடமோ கிடைக்கவில்லையென்றால் பெரும்பாலும் வெளியேற வேண்டியதுதான்.

இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஸ்லாவிய, ஃபின்னோ-உக்ரியத் துறையில் போலிஷ் கற்பிக்கப்படுகிறது. எதிர்ப்பக்கமாக, வார்சாப் பல்கலைக்கழகத்தின் தெற்காசியத் துறையில் தமிழ் இருக்கிறது. தமிழ் தெரிந்த போலிஷ் ஆய்வாளருக்கு அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தலைப்பு காத்திருக்கிறது: வாண்டா தினோவ்ஸ்கா, உமாதேவி என்று பெயர் கொண்டவர், 1944 முதல் சென்னையிலிருந்து நடத்திய போலிஷ்-இந்திய நூலகம் என்ற பதிப்பு வரிசை. இந்திய எழுத்தைப் போலிஷுக்குக் கொண்டுபோனது.

15. கடைசிப்பெஞ்சு

பண்பாடு பாடத்தை எப்படி அமைப்பது? இலக்கிய வரலாற்றை வரிசையாக ஓட்டினால் 1795-லேயே பாதி அரையாண்டு முடிந்துவிடுகிறது என்கிறார்களே.

16. பதின்மூன்றசை

ஆம், அதுதான் வழக்கமான விபத்து. 15 வாரம், வாரம் 90 நிமிடம், கணக்கில் 30 பாடவேளை. 'போகுரோஜித்சா' என்ற இடைக்காலப் பாடலில் தொடங்கிக் காலவரிசையாகப் போனால் 20-ஆம் நூற்றாண்டுக்கு 3 வாரம் மிஞ்சும். காரணம் அண்டை அரசுகள் போலந்தைப் பங்குபோட்டுக்கொண்ட 1772, 1793, 1795 பிரிவினைகள். அவற்றை விளக்காமல் 19-ஆம் நூற்றாண்டில் நுழைய முடியாது. 123 வருடம் வரைபடத்தில் இல்லாத நாட்டில் இலக்கியம் ஏன் அரசின் இடத்தை எடுத்துக்கொண்டது என்பது மாணவருக்குப் புரிந்தால் மற்றது தானாக வரும்.

அதனால் ஒரு நிகழ்ச்சியை வைத்து இரு காலத்தைக் கற்பிக்கும் முறை நல்லது. வார்சா தேசிய அரங்கில் கஜிமியெஷ் தேய்மெக் 1967 நவம்பர் 25-ல் மித்ஸ்கியேவிச்சின் 'ஜியாதி' நாடகத்தை மேடையேற்றினார். ஜார் ஆட்சிக்கு எதிரான வசனங்களுக்குப் பார்வையாளர்கள் கைதட்டினார்கள். 1968 ஜனவரி 30 கடைசிக் காட்சி என்று அரசு நிறுத்தியது. மாணவர் போராட்டம், பின்னர் மார்ச் நிகழ்வுகள், யூதர்களுக்கு எதிரான பிரச்சாரம், வெளியேற்றம். ஒரே நாடகத்தில் ரொமான்டிசிசம், பிரிவினை, தணிக்கை, 1968 நான்கும் வந்துவிடும். 2 வாரம் கொடுங்கள்: முதல் வாரம் நாடகத்தின் சிறைக்காட்சி, இரண்டாவது வாரம் மேடையேற்றம்.

'பான் ததேயுஷ்' எடுக்கும்போது முதல் சொல்லிலேயே நில்லுங்கள். போலந்தின் தேசியக் காவியம் 'லித்துவேனியாவே' என்று விளித்துத் தொடங்குகிறது. இரு நாடுகளும் ஒரே பொதுவரசாக இருந்த வரலாற்றை அங்கேயே சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் 12 பாகத்திலும் அந்தக் குழப்பம் தொடரும்.

இந்திய மாணவருக்கு இன்னொரு வாசல் உண்டு. 1942 ஜூலை 18-ல் வார்சா கெட்டோவில் (நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதி) யானுஷ் கோர்ச்சாக்கின் அநாதை இல்லக் குழந்தைகள் தாகூரின் 'அஞ்சலகம்' நாடகத்தை நடித்தார்கள். சில வாரங்களில் எல்லோரும் த்ரெப்ளின்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த வகுப்பில் ஆசிரியர் அதிகம் பேச வேண்டியதில்லை. நாடகத்தைப் படிக்கக் கொடுத்துவிட்டு, தேதியைப் பலகையில் எழுதுங்கள்.

17. ஓலைச்சுவடி

பாடத் தொகுப்பு தயாரிக்கும்போது உரிமைக் கணக்கு: ஆசிரியர் இறந்து 70 வருடம் முடிந்த அடுத்த ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. 1942-ல் கொல்லப்பட்ட புரூனோ ஷுல்ஸ் 2013 முதல் திறந்தவர். 1951-ல் இறந்த தாதேயுஷ் போரோவ்ஸ்கி 2022 முதல். 1969-ல் இறந்த கோம்ப்ரோவிச்சுக்கு 2040 வரை காத்திருக்க வேண்டும். இது மூலத்துக்கு மட்டும், மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. போலிஷ் மூலத்தைப் பள்ளி நூல்களுக்கான 'வோல்னே லெக்துரி' தளத்திலிருந்தும், பழம்பதிப்புப் படிமங்களைத் தேசிய நூலகத்தின் 'போலோனா'விலிருந்தும் எடுக்கலாம். கோம்ப்ரோவிச்சை மாணவர் நூலகப் பிரதியில்தான் படிக்க வேண்டும், எனவே பாடத்திட்டம் இறுதியாகும் முன்பே பிரதி எண்ணிக்கையை நூலகத்தில் கேட்டு வையுங்கள்.

மதிப்பெண் 2 முதல் 5 வரை, 2 தோல்வி, இடையே 3.5, 4.5 உண்டு. குளிர்காலத் தேர்வுக் காலம் ஜனவரி கடைசியில் தொடங்கும். தோற்றவருக்கு மறுதேர்வுக் காலம் தனியாக உண்டு. யூசோஸ் என்ற கணினி முறையில் மதிப்பெண் பட்டியல் குறித்த நாளில் மூடிக்கொள்ளும். மூடிய பின் ஒரு மாணவரின் மதிப்பெண்ணை மாற்ற அலுவலகத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். புதிதாக வருபவர்கள் தவறுவது இங்கே.

18. நீலத்தாள்

ஹபிலிட்டாட்சியாவை விஸ்வாக்கரை ஒரு வரியில் தாண்டிவிட்டார். அதை விரித்துச் சொல்ல முடியுமா?

19. விஸ்வாக்கரை

தாண்டியிருக்கக் கூடாது. உண்மையில் முனைவர் படிப்பின் முதல் வருடத்திலிருந்தே இதை வைத்துத் திட்டமிட வேண்டும்.

விண்ணப்பம் அறிவியல் மேன்மை மன்றத்துக்குப் போகும், பிறகு ஒரு பல்கலைக்கழகம் நடத்தும். 7 பேர் குழு, அதில் 4 மதிப்புரையாளர்கள். 2 மதிப்புரை எதிர்மறையானால் குழு ஆதரவான கருத்துத் தர முடியாது. மனிதவியலில் வாய்மொழிக் கலந்துரையாடலும் கட்டாயம். சாதனையாகக் காட்டுவது பட்டியல் பதிப்பகத்தில் வந்த தனிநூல், அல்லது ஒரே பொருளில் இணைந்த கட்டுரைத் தொடர். இலக்கியவியலில் பெரும்பாலும் தனிநூல்தான். முனைவர் ஆய்வேட்டை மெருகிட்டு வெளியிட்ட நூலை இதற்குக் காட்ட முடியாது, பட்டத்துக்குப் பின் செய்த வேலையாக இருக்க வேண்டும்.

பலர் சிக்குவது மூன்றாவது நிபந்தனையில்: ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனத்தில், குறிப்பாக வெளிநாட்டில், குறிப்பிடத்தக்க ஆய்வுச் செயல்பாடு. ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்ததை இதற்குக் காட்டினால் மதிப்புரையாளர் ஏற்க மாட்டார். சில மாதம் தங்கி, அங்கிருக்கும் ஆய்வாளரோடு சேர்ந்து ஏதாவது வெளியிட்டு, அதற்கு அந்த நிறுவனத்தின் கடிதத்தையும் வாங்கி வைத்திருக்க வேண்டும். கடிதத்தை அங்கிருந்து கிளம்பும் வாரமே வாங்குங்கள். 6 வருடம் கழித்துக் கேட்டால் அழைத்தவர் ஓய்வு பெற்றிருப்பார்.

20. தட்டச்சு

இந்தியப் பட்டத்தோடு விண்ணப்பிப்பவர்களுக்கு ஆவண வரிசை: முதுகலைச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் முதலில் மாநில அரசின் சான்றளிப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டீல், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்று முத்திரை. அதன் பிறகுதான் போலந்தின் உறுதிமொழி மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்க வேண்டும், ஏனென்றால் அப்போஸ்டீல் முத்திரையும் சேர்த்து மொழிபெயர்க்கப்பட வேண்டும். முன்னதாகவே மொழிபெயர்த்துவிட்டால் மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கும். இந்த முதுகலைப் பட்டம் இந்தியாவில் முனைவர் படிப்புக்குத் தகுதி தரும் என்று உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

பெயர் எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். நம் முதலெழுத்து முறை அங்கே புரியாது. கடவுச்சீட்டில் விரிந்த தந்தை பெயரும் சான்றிதழில் ஒற்றை எழுத்தும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைச் செய்து அதற்கும் அப்போஸ்டீல் வாங்குங்கள். கோடை விண்ணப்பத்துக்கு இந்த வேலையை ஜனவரியிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

21. கடைசிப்பெஞ்சு

உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரை இங்கிருந்தே பிடிக்க முடியுமா?

22. தட்டச்சு

முடியும். போலந்து நீதி அமைச்சகத்தின் பதிவேட்டில் மொழிவாரியாகப் பட்டியல் இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து போலிஷுக்கு என்று தேடுங்கள், சான்றிதழ் ஆங்கிலத்தில் இருந்தால் அதுவே போதும். தெளிவான படிமத்தை மின்னஞ்சலில் அனுப்பலாம். ஆனால் அசலைப் பார்த்து மொழிபெயர்த்ததா, நகலைப் பார்த்தா என்று அவர் மொழிபெயர்ப்பிலேயே குறிப்பிடுவார். நகல் என்று எழுதியதைச் சில சேர்க்கை அலுவலகங்கள் ஏற்பதில்லை. அனுப்பும் முன் அந்த அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.